பத்து ரூபாய் காந்திக்கு ஒன்றரை அணா காந்தி சாட்சி

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். தாத்தாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அவர் சேர்த்த தபால் தலை ஆல்பமும், ஒரு தகர டப்பா நிறையப் பழைய கடிதங்களும் போன வருஷம் என் கைக்கு வந்தன. அவற்றைப் பார்த்து ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. ஆல்பத்தில் 1948 காந்தி வரிசையில் ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா மூன்றும் இருக்கின்றன. பத்து ரூபாய் மட்டும் இல்லை. அந்தக் காலி இடத்தை நிரப்பலாமே என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்று மாதம் முன்பு ஒருவரிடம் 9,500 ரூபாய் கொடுத்து, பத்து ரூபாய் தலை ஒட்டி 15-8-1948 தேதி முத்திரை விழுந்த கவர் ஒன்றை வாங்கினேன். நண்பர் ஒருவர் பார்த்த உடனே, "டூப்ளிகேட். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தபால் ஆபீஸ் எப்படித் திறந்திருக்கும்?" என்றார். ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன். இது போலியா? போலி என்றால் நானே எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் திரும்பக் கிடைக்குமா? தாத்தாவின் ஆல்பத்தில் திருவிதாங்கூர் தலை ஒன்றில் எழுத்து தலைகீழாக அச்சாகியிருக்கிறது, அதுவும் போலியாக இருக்குமோ? டப்பாவில் இருக்கும் கவர்களிலிருந்து தலைகளை ஊறவைத்து எடுத்து ஆல்பத்தில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். அதற்கு முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்குத்தான் அவசரம். எதையும் ஊறவைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு அந்த டப்பாவை மூடி எடுத்து வையுங்கள்.

நீங்கள் வாங்கியது போலிதான். ஆனால் உங்கள் நண்பர் சொன்ன காரணம் சரியில்லை. 1948 ஆகஸ்ட் 15 ஞாயிற்றுக்கிழமை என்பது உண்மை. சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம் நிறைந்த நாள் என்பதால் காந்தி தலைகளை அன்றைக்கேதான் வெளியிட்டார்கள். அந்தத் தேதி முத்திரையோடு அசல் முதல் நாள் கவர்கள் இருக்கின்றன. நண்பரின் முடிவு சரி, வழி தப்பு. இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே நியாயத்தை வைத்து நாளைக்கு அவர் ஓர் அசல் கவரைக் குப்பை என்று சொல்லிவிடக்கூடும். கள்ளத் தலையை நல்லது என்று நம்பிப் பணத்தை விட்டவர்களைப் போலவே, நல்ல தலையைக் கள்ளம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களையும் இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய ஐந்தில் நான்காவது படம், லென்ஸை போன் காமிராவுக்கு முன்னால் பிடித்து எடுத்தது, மிக நல்ல படம். தலையின் இடது கீழ் மூலையில் முத்திரை வளையம் கடந்து போகிறது இல்லையா, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குக் கருப்பாகத் தெரியும் அந்தக் கோடு கருப்பே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், நடுநடுவே கருப்பு என்று பொடிப் புள்ளிகள். கோலப் பொடியை நாலு நிறத்தில் கலந்து இறைத்த மாதிரி. இப்போது வளையம் தலையை விட்டு இறங்கிக் கவரின் மேல் போகும் இடத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி எதுவும் இல்லை, காகிதத்தின் நாரில் ஊறிய ஒரே கரு மை. அதோடு தலையில் இருக்கும் வில்லும் கவரில் இருக்கும் வில்லும் ஒரே வட்டமாகச் சேரவில்லை. கால் மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன.

தபால் ஆபீஸில் முத்திரை குத்துபவர் தலைக்கு ஒரு குத்து, கவருக்கு ஒரு குத்து என்று குத்துவதில்லை. ஒரே குத்து, ஒரே மை, இரண்டின் மேலும் விழும். உங்கள் கவரில் நடந்திருப்பது இது: முத்திரை விழுந்த ஓர் அசல் பத்து ரூபாய் தலையை யாரோ ஸ்கேன் செய்து, முத்திரையோடு சேர்த்தே அச்சடித்து, ஒரு பழைய கவரில் ஒட்டி, மிச்ச வளையத்தை ரப்பர் ஸ்டாம்ப் செய்து பூர்த்தி செய்திருக்கிறார்கள். பாதி முத்திரை படம், பாதி முத்திரை மை.

இது போதாது என்றால் மூன்றாவது படம். முகவரியைப் படித்தீர்களா? டைப் அடித்த எழுத்தில் மயிலாப்பூர், மெட்ராஸ் 600 004 என்று இருக்கிறது. நாம் எல்லோரும் நாள்தோறும் ஆறு இலக்கம் எழுதிப் பழகிவிட்டதால் அது கண்ணில் படுவதே இல்லை. பின்கோடு நாட்டில் அமலுக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. உங்கள் கவர் புறப்பட்டதாகச் சொல்லும் நாளுக்குச் சரியாக 24 வருஷம் கழித்து! அதற்கு முன்னால் மெட்ராஸ்-4 என்று எழுதினால் மயிலாப்பூருக்குப் போய்ச் சேரும். வெறும் பழைய கவரில் பிற்காலத்தில் யாராவது முகவரி சேர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். சேர்த்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், "1948-இல் மயிலாப்பூருக்குப் போன கடிதம்" என்று விற்றவர் சொன்ன கதை அதோடு முடிந்துவிட்டது. பழைய கவர் எதை வாங்கினாலும் தலையைப் பார்ப்பதற்கு முன் முகவரியை முழுதாகப் படியுங்கள். முத்திரையில் இருக்கும் பின்கோடு, நயா பைசா வருவதற்கு முன்பான தேதியில் பைசாத் தலை, 1996-க்கு முன் தேதி போட்டு ஆங்கிலத்தில் சென்னை என்ற பெயர், இப்படி எத்தனையோ கவர்கள் வாய் திறந்து தாமே சொல்லிவிடும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1.

சரி, நீங்களே கண்டுபிடிக்கும் வழிக்கு வருகிறேன். தலையின் படத்தை மட்டும் பார்ப்பவரை ஏமாற்றுவது சுலபம். காந்தி முகம், எழுத்து, நிறம் இவற்றைத்தான் கள்ளத் தலை செய்பவரும் பார்த்துப் பார்த்துச் செய்வார். நாம் பார்க்க வேண்டியது மற்றதை எல்லாம்: மை எப்படி விழுந்திருக்கிறது, காகிதம் என்ன, ஓரத்தில் பல் எப்படி வெட்டியிருக்கிறது, முதுகு எப்படி இருக்கிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பக்கத்தில் வைத்து ஒப்பிட ஓர் அசல் வேண்டும். தங்கத்தை உரைத்துப் பார்க்க உரைகல் வேண்டும் இல்லையா, அதே மாதிரி. உங்களுக்கு அந்த உரைகல் ஆல்பத்திலேயே இருக்கிறது. தாத்தா விட்டுப்போன ஒன்றரை அணாத் தலைதான் அது.

எப்படி என்றால், காந்தி வரிசையின் நான்கு தலைகளையும் ஸ்விட்சர்லாந்தில் கூர்வாசியே என்ற ஒரே அச்சகம்தான் ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சிட்டது. அந்தக் காலத்து இந்தியத் தலைகள் நாசிக்கில் அச்சாகும், காகிதத்தில் நட்சத்திர வாட்டர்மார்க், அதாவது காகிதத்துக்குள்ளேயே பதிந்த அடையாளம், இருக்கும். காந்தி வரிசைக்கு வாட்டர்மார்க் கிடையாது. நான்குக்கும் ஓரத் துளை அளவு ஒன்றே, பதினொன்றரை. அதாவது 2 சென்டிமீட்டர் நீளத்தில் பதினொன்றரைத் துளை. பத்து ரூபாய் அளவில் பெரியது, நிறமும் வேறு. ஆனால் அச்சு முறை, துளை இரண்டிலும் ஒன்றரை அணாவுக்கு உடன்பிறப்பு. ஒன்றரை அணா அன்றைக்கு ஏராளமாகப் புழங்கியது. இன்றைக்கும் விலை குறைவு. அதைத் தனியாகக் கள்ளத்தில் அடித்து யாருக்கும் லாபம் இல்லை. முழு வரிசையையும் நகல் அடித்து விற்பதும் உண்டு என்பதால் புதுப் பளபளப்போடு செட்டாக வருவதை உரைகல்லாக வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்த கடிதத்தில் ஒட்டி, முத்திரை விழுந்து, தாத்தா கையால் சேர்த்தது என்றால் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். நகைக் கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருப்பது, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் மாட்டிக்கொள்வது, இந்த ஜாதி லென்ஸ். பாரிமுனைப் பக்கம் கிடைக்கும். முதலில் ஒன்றரை அணாவை வைத்துக் காந்தியின் நெற்றியைப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் ஒன்றில் ஒன்று கரைந்து போகும். ஆழத்துக்கு ஆழம் மை கூடிக் குறையும் பொடிக் குழிகளால் அச்சிடுவது கிராவ்யூர், அதனால்தான் அந்த மென்மை. அப்புறம் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். கண்ணுக்கு நேராகத் தெரிந்தது லென்ஸில் மிக மெல்லிய ரம்பப் பல் மாதிரி இருக்கும். கிராவ்யூரில் எழுத்துக்கூடச் சல்லடை வழியாகத்தான் வரும், அதன் அடையாளம் அது. இப்போது பத்து ரூபாயை வையுங்கள். அசல் பத்து ரூபாய் இரண்டே நிறம். ஊதா கலந்த பழுப்பு ஒன்று, அரக்குச் சிவப்பு ஒன்று. அந்த இரண்டு மையை நேராகவே குழைத்து அச்சிட்டார்கள். அங்கே மஞ்சள் புள்ளிக்கோ நீலப் புள்ளிக்கோ வேலையே இல்லை. ஒரு நீலப் புள்ளி தெரிந்தாலும் போதும், அது நாலு நிற மையில் அடித்த நகல். உங்கள் தலையில் காந்தியின் கன்னம் முழுக்க அந்தப் புள்ளிகள்தான்.

அடுத்தது ஓரம். இதற்கென்று அளவுகோல் விற்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒன்றரை அணா கையில் இருக்கும்போது வேறு எதுவும் வேண்டாம். இரண்டு தலைகளையும் கருப்புக் காகிதத்தின் மேல் வைத்து, ஒன்றின் பல் இன்னொன்றின் பள்ளத்தில் போகும்படி மெதுவாக நெருக்குங்கள், சட்டை ஜிப்பை மூடுகிற மாதிரி. கை வேண்டாம், முனை தட்டையான இடுக்கியால் செய்யுங்கள். ஒரே அளவு என்றால் முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை ஒழுங்காகப் பொருந்திப் போகும். அளவு வேறு என்றால் நாலு பல் பொருந்தும், ஐந்தாவது முட்டும். உங்கள் ஐந்தாவது படத்தில் தலைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்தீர்களே, அதில் எண்ணிப் பார்த்தேன். 2 சென்டிமீட்டருக்கு 13-க்குக் கிட்ட வருகிறது. பல் நுனியும் கத்தியால் நறுக்கிய மாதிரி மொட்டையாக இருக்கிறது. தாளிலிருந்து கிழித்தெடுத்த தலையின் பல் நுனியில் நார் கொஞ்சம் பிசிறித் தெரியும்.

காகிதத்துக்கு ஊதா விளக்கு. மளிகைக் கடையில் 500 ரூபாய் நோட்டைக் காட்டிப் பார்க்கிறார்களே, அதுவேதான். காகிதம் வெள்ளையாகத் தெரிய அதில் கலக்கும் ரசாயனம் பரவலானது 1950-களுக்குப் பிறகு. அந்த ரசாயனம் உள்ள காகிதம் ஊதா விளக்கில் நீல வெள்ளையாகப் பளீரென்று எரியும். 1948 காகிதம் மந்தமாகக் கிடக்கும். அறையை இருட்டாக்கிவிட்டு ஒன்றரை அணாவையும் பத்து ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கை அடியுங்கள், உங்கள் மகளே சொல்லிவிடுவாள். ஒரு எச்சரிக்கை. சலவைத் தூள் கலந்த தண்ணீரில் யாராவது கழுவியிருந்தால் அசல் தலையும் எரியும். அதனால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. பேனா மையால் அடித்துக் கோர்ட்டிலோ பத்திரத்திலோ பயன்படுத்திய பெரிய மதிப்புத் தலைகளை, அந்த மையைக் கழுவிவிட்டுத் தபாலுக்குப் பயன்படாத புதுத் தலை என்று விற்பது பழைய வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பேனாக் கோடும் ஊதா விளக்கில் ஆவி மாதிரி எழுந்து வருவதுண்டு.

முதுகைப் பற்றிச் சொல்ல என் கதை ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், 1854-இல் கல்கத்தாவில் அச்சான நாலு அணாத் தலை ஒன்றை வாங்கினேன். சிவப்புச் சட்டத்துக்குள் நீல விக்டோரியா. எண்கோணச் சட்டம், அதைச் சுற்றி நாலு பக்கமும் தாராளமாக வெள்ளை ஓரம். அந்தக் காலத்தில் இந்தத் தலைக்கு ஓரத் துளை கிடையாது, கத்தரியால் வெட்டித்தான் ஒட்டுவார்கள். நிறையப் பேர் எண்கோணத்தை ஒட்டியே வெட்டிவிட்டார்கள். அதனால் சதுரமாக ஓரம் விட்டு வெட்டியதற்கு விலை பல மடங்கு. என் நாலு மாதச் சம்பாத்தியம் அதில் போயிற்று. வீட்டுக்கு வந்து கருப்புத் தட்டில் கவிழ்த்துப் போட்டு, வாட்டர்மார்க் பார்க்கிற திரவத்தை ரெண்டு சொட்டு விட்டேன். காகிதம் நனைந்து கண்ணாடியாக மாறியது. அதில் மெல்ல ஒரு கோடு எழுந்தது. எண்கோணமாக. எட்டு மூலையும் சுத்தமாக. எண்கோணமாக வெட்டிய தலையை இன்னொரு காகிதத்தில் பதித்து, விளிம்பை இழைத்து, சதுரம் ஆக்கியிருந்தார்கள். தலை அசல், முத்திரை அசல், சுற்றியிருந்த வெள்ளை மட்டும் பொய். விலை கொடுத்ததோ அந்த வெள்ளைக்கு. அந்தத் தலை இன்னும் என்னிடம் இருக்கிறது. பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைத்தான் காட்டுகிறேன்.

அந்தத் திரவம் லைட்டரில் ஊற்றுவது. சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் ஊதுபத்திகூட எரியக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள். காந்தி வரிசையில் இந்தச் சோதனையே வேண்டாம். பார்க்க வாட்டர்மார்க் இல்லை, சில கிராவ்யூர் மைக்கு இந்தத் திரவம் ஒத்தும் வராது.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயன்படுத்தாத பழைய தலை என்று வந்தால் முதுகுப் பசை மட்டுமல்ல, பல் நுனியையும் பாருங்கள். அச்சகத்தில் முதலில் பசை, பிறகுதான் துளை. அதனால் பல் நுனியில் பசை இருக்காது, தொட்டால் மிருதுவாக இருக்கும். பிற்பாடு பசை தடவியிருந்தால் அது துளைக்குள் வழிந்து பல் நுனி விறைத்து நிற்கும். நம் ஊர்க் காற்றில் எழுபது எண்பது வருஷம் கிடந்த பசை கொஞ்சமாவது மங்கியிருக்கும், தவிட்டு நிறப் புள்ளி விழுந்திருக்கும். சென்னையிலேயே கிடந்த ஆல்பம் என்று சொல்லிவிட்டுப் பால் மாதிரிப் பசை காட்டினால், எனக்குக் கை தானாக லென்ஸைத் தேடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பொய்யாக இருப்பது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஜான் த ஸ்பெராட்டி என்று ஒருவர், 1957-இல் இறந்தார். பிரான்ஸில் இருந்து வேலை பார்த்தவர். விலை போகாத அசல் தலையை எடுத்து, முத்திரையை மட்டும் விட்டுவிட்டுப் படத்தை வெளுத்துவிடுவார். அந்தக் காகிதத்தின் மேல் விலை உயர்ந்த தலையின் படத்தை அச்சிடுவார். காகிதம் அசல், வாட்டர்மார்க் அசல், துளை அசல், முத்திரைகூட அசல். நிபுணர்களே ஏமாந்தார்கள். கடைசியில் 1954-இல் பிரிட்டிஷ் சேகரிப்பாளர் சங்கம் அவருடைய சரக்கையும் கருவிகளையும் விலைக்கு வாங்கித்தான் நிறுத்தியது. அவர் தரத்துக்கு உங்கள் பத்து ரூபாயைச் செய்யவில்லை, கவலைப்படாதீர்கள்.

காந்தி வரிசையில் அதே தந்திரத்தின் இன்னொரு உருவம் வரும். கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்கென்று இந்தத் தலைகளின் மேல் சர்வீஸ் என்ற ஆங்கிலச் சொல்லைக் கருப்பில் அச்சிட்டார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. பத்து ரூபாயில் அப்படி அச்சிட்டது 100 தலைதான். 2017-இல் அதில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த நாலு தலைத் துண்டு ஒன்று ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலை போனது. அசல் பத்து ரூபாய் தலையை வாங்கி அந்த ஒரு சொல்லை மேலே அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓரம், காகிதம், கிராவ்யூர் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். அப்படிப்பட்ட பொருள் கண்ணில் பட்டால், லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டி மாதிரி ஓர் இடத்தின் நிபுணர் குழு தந்த, படத்தோடு கூடிய சான்றிதழ் இல்லாமல் கை வைக்கக் கூடாது. சான்றிதழையும் போலியாக அடிக்கிறார்கள். அதனால் எண்ணை வைத்து அந்தக் குழுவிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மேலே அடித்த எழுத்து என்றதும் உங்கள் திருவிதாங்கூர் தலைக்கு வருகிறேன். படத்தில் தெரிவது ஆன் எஸ்.எஸ். என்ற ஓவர்பிரிண்ட், சர்க்கார் உபயோகத்துக்கு அடித்தது. தலைகீழாக விழுந்த அசல்களும் உண்டு, ஆசை காட்ட அடித்த பொய்களும் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது எது மேல், எது கீழ் என்பதுதான். ஓவர்பிரிண்ட் அச்சகத்தில் விழுவது. அஞ்சல் முத்திரை அதற்குப் பிறகு, கடிதம் போகும்போது விழுவது. ஆகவே முத்திரை மை ஓவர்பிரிண்டின் மேல் ஏறியிருக்க வேண்டும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓவர்பிரிண்ட் முத்திரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் விஷயம் முடிந்தது, அது போலி. அப்புறம் நேராக விழுந்த ஒரு சாதாரணத் தலையை எடுத்து எழுத்தின் உயரம், எழுத்துக்கு எழுத்து உள்ள இடைவெளி இரண்டையும் ஒப்பிடுங்கள். தாத்தாவின் ஆல்பத்திலேயே நேரானது ஆறு ஏழு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், உரைகல்லுக்குப் பஞ்சமில்லை. வாட்டர்மார்க் சங்கு. இந்தத் தலைக்குத் திரவச் சோதனை செய்யலாம்.

நீங்கள் அனுப்பிய ஒரு படத்தை வைத்து அதை அசல் என்று எழுதித்தர மாட்டேன். ஆனால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. நாகர்கோவில் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கத்தோடு இருந்த ஊர். சமஸ்தானக் காலத்தில் அங்கே அஞ்சல் என்றாலே சமஸ்தானம் தானே நடத்திய தபால்தான், தலை என்றால் அதன் சங்குத் தலைதான். சர்க்கார் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்த கவரிலிருந்து ஒரு பையன் கிழித்துச் சேர்த்தது என்றால், அதில் பொய் புகுவதற்கு வழி குறைவு. விலை கொடுத்து வாங்கிய தலைக்குத்தான் சந்தேகம் அதிகம் வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கவரை அதன் பாதுகாப்பு உறையிலிருந்து எடுக்காதீர்கள். தலையைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், பின்னால் எதுவும் எழுத வேண்டாம். வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் காட்டும்படி இருக்க வேண்டும். பில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், போன் வழியாகப் பணம் அனுப்பிய பதிவும், "ஒரிஜினல், கியாரண்டி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் இருக்கின்றனவே, அது பெரிய பலம். முதலில் சண்டை போடாமல், நாலு நிறப் புள்ளிப் படத்தையும் பின்கோடு விஷயத்தையும் அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம். நேர்மையாக நடப்பவர், தாமே ஏமாந்து வாங்கியிருந்தவராகவும் இருக்கலாம், பத்து நாளில் கொடுத்துவிடுவார். இந்தத் தொழிலில் பெயர் போனால் எல்லாம் போயிற்று. மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. பொய்யான தபால் தலை என்று தெரிந்தே விற்பது குற்றமும்கூட.

பணம் வராவிட்டாலும் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். இதை இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். "போலி என்று சொல்லியே விற்றேன்" என்று ஒருவர் கொடுத்தது, மூன்றாவது கை மாறும்போது அசலாகிவிடும். பிரச்சினை தீர்ந்த பிறகு, முதுகில் மெல்லிய பென்சிலால் போலி என்று எழுதி, ஆல்பத்தில் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் காலி இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒன்று இல்லாத ஆல்பங்கள்தான் அதிகம். அண்ணா சாலை தலைமைத் தபால் நிலையத்தில் சேகரிப்பாளர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. புதிதாக வரும் தலைகளை அச்சிட்ட விலைக்கே கொடுப்பார்கள். 200 ரூபாய் கட்டிக் கணக்கு ஆரம்பித்தால் தபாலிலேயே வீட்டுக்கு வரும். ஒரு சனிக்கிழமை அழைத்துப் போங்கள். அவள் பெயருக்கு வரும் முதல் உறையை வாங்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

இப்போது அந்தத் தகர டப்பா. தலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றினால் மிஞ்சுவது ஒரு தலை. கவரோடு இருந்தால் அது எங்கிருந்து எங்கே போயிற்று, எந்த நாளில், எத்தனை சக்கரம் (திருவிதாங்கூர்க் காசு) கட்டணம், இடையில் எந்த ஊர் முத்திரை, எல்லாம் இருக்கும். திருவிதாங்கூர் அஞ்சல் 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்த பிறகு அப்படி ஒரு கடிதம் புதிதாகப் பிறக்கவே இல்லை. உங்கள் தலைகீழ் ஓவர்பிரிண்ட் அசல்தானா என்பதற்குக்கூட, அதே வருஷத்தில் அதே ஆபீஸிலிருந்து வந்த இன்னொரு கவர் அந்த டப்பாவில் இருந்தால் அதுதான் ஆகச் சிறந்த சாட்சி. ஒவ்வொரு கவராக எடுத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுங்கள். தேதி வாரியாக அடுக்கி, நடுவில் உலர்ந்த வெள்ளைக் காகிதம் வைத்து, ஈரம் ஏறாத இடத்தில் படுக்க வையுங்கள். சர்க்கார் முத்திரை உள்ள கவர்களின் படத்தை எனக்கு அனுப்புங்கள், அந்தச் சங்குத் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.